அறிவியல் அருங்காட்சியகம் எல்லோருக்கும்: கேள்வி பதில்

பலகைகளில் பிரெயில் ஒட்டியும் பார்வையற்ற மாணவர்கள் படிப்பதில்லையே, ஏன் சார்? (அறிவியல் மைய ஊழியர்)

சுவரில் நிமிர்த்தி ஒட்டியிருந்தால் மணிக்கட்டை மடக்கித்தான் தடவ வேண்டும். இரண்டு வரியிலேயே கை வலிக்கும். தரையிலிருந்து 90-100 செ.மீ. உயரத்தில் சாய்வாக வையுங்கள், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும். புள்ளி சுமார் அரை மி.மீ. எழும்பி நிற்க வேண்டும். மேலே லேமினேஷன் போட்டால் மழுங்கிவிடும். எல்லாக் காட்சியிலும் பிரெயில் ஒரே மூலையில் இருக்கட்டும், கை தேடி அலையாது.

தமிழுக்குப் பாரதி பிரெயில், அதாவது இந்திய மொழிகளுக்கான பிரெயில் முறை. கணினி மாற்றித் தருவதை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். முதலில் காகிதத்தில் எடுத்து, பிரெயில் வாசிப்பவர் ஒருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வளர்ந்த பிறகு பார்வை இழந்த பலருக்குப் பிரெயில் தெரியாது. அவர்களுக்கு ஒலி விளக்கம் வேண்டும். க்யூஆர் குறியீடு மட்டும் வைத்தால், அது எங்கே இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அழுத்தினால் பேசும் பெரிய பொத்தான் வையுங்கள்.

3டி அச்சில் உயிரணுவின் (செல்) மாதிரி உருவம் ஒன்றைச் செய்தோம். தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. (கல்லூரி மாணவி)

நிறத்தில் காட்டிய வேறுபாடு விரலுக்குத் தெரியாதும்மா. உட்கருவுக்குச் சொரசொரப்பு, சவ்வுக்கு வழவழப்பு என்று பரப்பை மாற்றுங்கள். நுணுக்கங்களைக் குறையுங்கள். உண்மையான செல் எவ்வளவு சிறியது என்பதையும் ஒலியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்த உருவத்தின் அளவே மனதில் தங்கிவிடும்.

செயல்விளக்கத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் போதுமா? (தன்னார்வலர்)

போதாது. நீங்கள் பேசிக்கொண்டே குடுவையில் திரவத்தை ஊற்றினால், காது கேளாத குழந்தை மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்க்குமா, குடுவையைப் பார்க்குமா? முதலில் சொல்லி முடியுங்கள், நிறுத்துங்கள், பிறகு ஊற்றுங்கள். மொழிபெயர்ப்பாளர் குடுவைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். கோளரங்க இருட்டில் அவர் கைகளுக்கு மட்டும் மங்கலான விளக்கு வேண்டும். திரையில் எழுத்து வரிகள் ஓடுகின்றனவே என்று விட்டுவிடாதீர்கள். சைகை மொழியில் வளர்ந்தவர் பலருக்கு எழுதும் தமிழ் இரண்டாம் மொழி.

கட்டணமே இல்லை. ஆனாலும் பக்கத்துக் குடியிருப்பு மக்கள் வருவதில்லை. (ஆசிரியர்)

கட்டணம் பல தடைகளில் ஒன்றுதான். லண்டனில் சோமாலிய, சியரா லியோன், லத்தீன் அமெரிக்க, ஆசியப் பின்னணி கொண்ட குழுக்களோடு ஆய்வு செய்த அறிவியல் தொடர்பியல் ஆய்வாளர் எமிலி டாசன் கண்டதும் இதுதான்: மொழியும் சூழலும் சேர்ந்து "இது நமக்கான இடமில்லை" என்று உணர்த்திவிடுகின்றன. வாசலில் பையைச் சோதிக்கும் காவலர்தான் முதல் முகம் என்றால், முதல்முறை வருபவர் மிரளத்தான் செய்வார். அங்கே வரவேற்க ஒருவரை நிறுத்துங்கள். கொண்டுவந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட நிழலும் தண்ணீரும் வேண்டும். வார நாளில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலைதான் தோது; அன்று மூடியிருந்தால் அழைப்பிதழ் அனுப்பிப் பயனில்லை.