பொய்த்தபின் சுடும் நெஞ்சு

கேள்வி: பிரஷர் குக்கர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் தரப் பரிசோதகராக இருந்தேன். சரியாகச் சோதிக்காத வால்வுகளுக்குக் கையெழுத்துப் போட மறுத்ததால் என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்களில் வேறு யாரும் மறுக்கவில்லை. பணம், புகழ், பதவி எல்லாவற்றையும்விட மனச்சாட்சிதான் மனிதனை வலுவாக இயக்குகிறது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லையே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் அனுபவம் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். 'தன்னெஞ் சறிவது பொய்யற்க' என்று தொடங்கும் குறளை மேடையில் சொல்பவர்கள், அதில் உள்ள 'பொய்த்தபின்' என்ற சொல்லை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நெஞ்சு சுடுவது பொய் சொன்ன பிறகுதான் என்கிறார் வள்ளுவர். பணமும் பதவியும் காரியத்துக்கு முன்பே வந்து கையைப் பிடித்து இழுக்கின்றன. மனச்சாட்சியோ பெரும்பாலும் காரியம் முடிந்த பிறகு வந்து கணக்குக் கேட்கிறது.

கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் நாடுகடத்தப்பட்டதையும் தன் 13ஆம் பாறைக் கல்வெட்டில் அசோகர் தாமே பதிவு செய்து வருந்துகிறார். வென்ற அரசன் ஒருவன் இப்படிக் கல்லில் வெட்டி வைத்தது அரிய செயல்தான். ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தக் கல்வெட்டு இடம்பெறவில்லை. கலிங்கத்தை அவர் திருப்பித் தரவும் இல்லை. அதே கல்வெட்டில், வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று காட்டுவாசிகளை எச்சரிக்கவும் செய்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. உண்மையான வருத்தமும் அதிகாரமும் ஒரே நெஞ்சில் சண்டையின்றிக் குடியிருக்க முடியும் என்பதையே காட்ட விரும்புகிறேன்.

இருந்தாலும், மனச்சாட்சியின் போட்டியாளர் பணமும் பதவியும்தான் என்று நாம் எண்ணுவதே தவறோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் தொடங்கிய சோதனையில், பக்கத்து அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி கொடுக்கும்படி சாதாரண மனிதர்களிடம் சொல்லப்பட்டது. அதிர்ச்சி பொய்யானது, அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. வந்ததற்கான 4.50 டாலர், நடுவில் எழுந்து போனாலும் அவர்களுடையதே என்று முன்பே சொல்லியாயிற்று. ஆகவே பணம் இழுக்கவில்லை, புகழும் பதவியும் அங்கே பேச்சிலேயே இல்லை. கோட்டு அணிந்த ஒருவர் 'தயவுசெய்து தொடருங்கள்' என்றார், அவ்வளவுதான். வியர்த்தும் நடுங்கியும் திக்கியும்கூட, 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை அழுத்தினார்கள். அந்த நடுக்கம்தான் மனச்சாட்சி. அது பேசாமல் இல்லை. கையை நிறுத்தும் பலம்தான் அதற்குப் போதவில்லை.

அதே சோதனையின் வேறு இரண்டு வடிவங்களில் உங்களுக்கான பதில் இருக்கிறது. அதிர்ச்சி வாங்குபவரை அதே அறையில் உட்கார வைத்தபோது, கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 16ஆகக் குறைந்தார்கள். கூட இருந்த இருவர் 'எங்களால் முடியாது' என்று விலகியதைப் பார்த்தபோது, 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். உங்கள் வால்வு வெடித்தால் காயப்படப்போகும் பெண்மணி ஏதோ ஊரில், ஏதோ சமையலறையில் இருக்கிறார். உங்கள் சக ஊழியர்களுக்கு அவர் முகம் தெரியாது, மறுத்த ஒருவரையும் அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டார்கள்.

இழப்பு உங்களுக்கு மட்டும்தான் என்ற வேதனை நியாயமானது. அதை ஆற்றும் சொல் என்னிடம் இல்லை. மறுத்த தேதியையும் வால்வுத் தொகுதியின் எண்ணையும் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால், அந்தச் சரக்கு வெளியே போயிருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் முறையிடவும் வழியுண்டு. அதற்கு முன்னால், உங்கள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரை ஒருமுறை தேநீருக்கு அழைத்துப் போங்கள். அறிவுரை வேண்டாம். எந்தத் தொகுதியை, எந்தக் குறைக்காக நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.