பாட்டிலில் வரும் ‘மரபணு சுவிட்ச்’ நெல்லைக் காப்பாற்றுமா?

கேள்வி: நெல் பயிரில் இலை நுனியிலிருந்து ஓரங்கள் அலை அலையாய் மஞ்சளாகிக் கருகுகின்றன. மூன்றாம் முறை யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை, நோய்தான் பரவுகிறது. ‘ஆய்வகத்தில் வடிவமைத்த புரதம், தெளித்தால் எதிர்ப்பு மரபணு ஆன் ஆகிவிடும்’ என்று கடைக்காரர் ஒரு பாட்டிலைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. மரபணுவை முடுக்கும் புரதங்களை இன்று வடிவமைக்கிறார்கள், அந்த வித்தையைக் காட்டிக்கொடுத்ததில் உங்கள் பயிரில் தெரிகிற மாதிரியான இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா இனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஊசி போன்ற உறுப்பால் டேல் என்ற புரதங்களை நெல்லின் செல்லுக்குள் ஏற்றும். அவை உட்கருவுக்குள் போய் ஸ்வீட் என்ற நெல்லின் மரபணுக்களை முடுக்க, செல் சர்க்கரையைக் கசியவிடும், பாக்டீரியா தின்று பெருகும். டேலில் சுமார் 34 அமினோ அமிலம் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அதில் 12, 13ஆம் இடங்கள்தான் டிஎன்ஏவின் எந்த எழுத்தில் உட்காருவது என்று முடிவு செய்கின்றன என 2009இல் தெரிந்தது. அப்புறம் வேண்டிய வரிசையில் துண்டுகளைக் கோத்து வேண்டிய மரபணுவைப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் ஆய்வகத்தில் அந்தப் புரதம் செடியின் செல்லுக்குள்ளேயே உருவாகிறது. பாட்டில் புரதமோ இலை மெழுகு, செல் சுவர், சவ்வு எல்லாவற்றையும் தாண்டி உட்கருவுக்குப் போக வேண்டும். பாக்டீரியாவிடம் ஊசி இருக்கிறது, உங்கள் தெளிப்பானில் இல்லை. ஹார்பின் மாதிரி வெளியே இருந்தே எதிர்ப்பைத் தூண்டும் புரதங்கள் உண்டுதான், ஆனால் அவை நோய் வருமுன் தெளிப்பவை. ‘எந்த மரபணு, உள்ளே எப்படிப் போகும்’ என்று கடைக்காரரைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்த மூன்றாம் யூரியாவைப் பற்றி. பயிர் மஞ்சளானால் யூரியா மூட்டையைத் தூக்குகிற பழக்கம் இருக்கிறதே, இந்த நோய்க்கு அதைவிட அதிகம் உதவுபவை மிகக் குறைவு. தழைச்சத்து மிஞ்சினால் இலை மெத்தென்று அடர்ந்து ஈரம் காயாது, காற்றிலும் மழையிலும் ஒன்றோடொன்று உரசிக் காயமாகும், பாக்டீரியா அந்தக் காயம் வழியாகவும் நுழையும். நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டிருந்தால் கதவை நீங்களே திறந்து விட்டீர்கள்.

முதலில் கருகும் இலையை, பச்சையும் மஞ்சளும் சேருமிடத்தில் நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டு முனை முங்கும்படி தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி இழை இறங்கினால் இலைக்கருகல்தான். யூரியாவை நிறுத்துங்கள், சாம்பல் சத்து குறைவென்றால் கொடுங்கள், தண்ணீரை வடியுங்கள், பக்கத்து வயலுக்குள் மட்டும் விடாதீர்கள்.

அடுத்த பருவத்துக்கு விதையைப் பாருங்கள். எக்ஸ்ஏ13 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள ரகத்தில் டேல் வந்து உட்காரும் இடமே மாறியிருக்கிறது, சுவிட்சு ஆன் ஆகாது. ஆனால் எல்லா பாக்டீரியா வகைக்கும் அது ஒன்றே போதாது, இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணு சேர்ந்த ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.