புயலுக்குப் பின் ஒழுகும் மொட்டை மாடி: பில்டரா, சங்கமா, காப்பீடா?

கேள்வி: அடுக்ககத்தின் கடைசித் தளத்தில் குடியிருக்கிறேன். வீட்டைக் கையில் வாங்கி நாலரை ஆண்டு ஆகிறது. போன மாதப் புயலில், மொட்டை மாடியில் இருந்த பொதுத் தண்ணீர்த் தொட்டி காற்றில் சாய்ந்து தட்டோடுகளை உடைத்துவிட்டது. அன்றிரவே ஹாலில் தண்ணீர் கொட்டி சோபா, டிவி, மர அலமாரி எல்லாம் வீணாயின. படுக்கையறை மூலையில் முன்பே இருந்த ஓதமும் பெரிதாகி, சீலிங் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. அந்த ஓதத்தை இரண்டு ஆண்டுக்கு முன்பே படம் எடுத்து பில்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இப்போது பில்டர் "இயற்கைச் சீற்றம்" என்கிறார். காப்பீட்டு சர்வேயர் "பழைய கசிவு, கிளைம் கிடைக்காது" என்கிறார். சங்கமோ "உங்கள் வீட்டில்தானே ஒழுகுகிறது, நீங்களே பாருங்கள்" என்கிறது. மெயின்டனன்ஸ் கட்டுவதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். கோபம் நியாயமானது, ஆனால் நாளைக்குச் சங்கத்தின் மீது நீங்கள் வழக்குப் போட்டால், "பாக்கி வைத்திருப்பவர்" என்றுதான் அவர்கள் பதிலைத் தொடங்குவார்கள். அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் இரண்டு ஒழுகல்கள் இருக்கின்றன. ஹாலில் நடந்தது ஓர் இரவில், காற்றால் நடந்தது. படுக்கையறையில் நடப்பது ஆண்டுக்கணக்கில் நடப்பது. இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக எழுதியதால்தான் மூன்று பேரும் சுலபமாகக் கைகழுவ முடிகிறது. பில்டரிடம் "கட்டுமானமே மோசம்" என்று எழுதினால் காப்பீட்டுக்காரர் அதை எடுத்துக்கொள்வார். காப்பீட்டுக்காரரிடம் "எல்லாம் புயலால்தான்" என்று எழுதினால் பில்டர் அதை நீதிமன்றத்தில் காட்டுவார். அந்த வாட்ஸ்அப் செய்தியும் அப்படித்தான்: பில்டருக்கு எதிராக உங்களிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி; கிளைமில் உங்களையே திருப்பிக் குத்தக்கூடியது. அதற்காக மறைக்காதீர்கள். காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். பொய் சொன்னால் நியாயமாக வர வேண்டிய பணமும் போய்விடும். மறைக்காமல் பிரித்துச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் காரணத்தையும் செலவையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மாடித் தளத்தின் வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கி இருக்கிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, வாட்டர்ப்ரூஃபிங் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கட்டும். எல்லா இடத்திலும் நீங்கள் நீட்டப்போகும் காகிதம் அதுதான்.

பில்டரைப் பார்ப்போம். ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016, பிரிவு 14(3): வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு கேட்கலாம். 5 ஆண்டுக்குள் குறையைத் தெரிவித்திருந்தால் போதும், பழுது பார்த்து முடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே தெரிவித்துவிட்டீர்கள் என்றாலும், இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே, அதைச் சுட்டிக்காட்டி ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பழைய செய்திகள் உள்ள போனை மாற்றவோ துடைக்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் தேவைப்படும். மூலக் கருவி கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

"இயற்கைச் சீற்றம்" என்று பில்டர் சொல்வது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. ரியல் எஸ்டேட் சட்டத்தில் புயல், வெள்ளம் என்ற பேச்சு பிரிவு 6-ல் வருகிறது. அது திட்டத்தின் பதிவுக் காலத்தை நீட்டிப்பதற்கு, அதாவது வேலை முடிக்கத் தாமதமானால் உதவுவதற்கு. குறைபாட்டுப் பொறுப்பிலிருந்து தப்பிக்க அதைக் காட்ட முடியாது. பொதுச் சட்டத்திலும், மனிதரின் கவனக்குறைவு கலந்திருந்தால் இயற்கைச் சீற்றம் என்ற எதிர்வாதம் நிற்காது. 2016-ல் வர்தா, 2018-ல் கஜா, 2023-ல் மிக்ஜாம், 2024-ல் ஃபெஞ்சல் என்று கண்ட மாநிலத்தில், மழையைத் தாங்காத மாடியைக் கட்டிவிட்டு "எதிர்பார்க்கவில்லை" என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். ஆனால் வேறொரு வாதம் வரலாம்: மாடியில் சங்கமோ குடியிருப்பவரோ ஆண்டெனா, சோலார் என்று துளையிட்டதால்தான் ஒழுகுகிறது என்பார்கள். அப்படி எதுவும் இருக்கிறதா என்று பொறியாளர் முதலிலேயே பார்த்துவிடட்டும்.

இழப்பீட்டுக்கு ரெராவின், அதாவது அந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தின், தீர்ப்பு அலுவலரை அணுக வேண்டும். நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஆனால் அங்கே காலவரம்பு 2 ஆண்டு, அது முதல் வாட்ஸ்அப் நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது என்று பில்டர் வாதிடுவார். உங்கள் நிலையில் நான் ரெராவையே தேர்ந்தெடுப்பேன்.

அடுத்து காப்பீடு. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த பாலிசி என்றால், கையில் பிரதியே இருக்காது; வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியாக இருந்தால் புயல், வெள்ளம் இரண்டும் அடங்கும். அதில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால் வீட்டுப் பொருட்களும் அதன் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, தாமாகவே சேர்ந்துகொள்ளும். பழைய வகைப் பாலிசிகளில் கட்டடம் மட்டும் இருக்கலாம். எதுவானாலும் ஹால் இழப்பை மட்டும் தனிக் கிளைமாக வையுங்கள்: சாய்ந்த தொட்டி, உடைந்த தட்டோடு, நனைந்த பொருட்கள். மெல்ல மெல்ல வந்த ஓதத்தைப் பாலிசி ஏற்காது. அதைக் கேட்டு மற்றதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்காதீர்கள்.

சர்வேயர் வாயால் சொன்னது மறுப்பு ஆகாது. எழுத்தில் கேளுங்கள், அறிக்கையின் நகலும் கேளுங்கள். சர்வேயரின் அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் கூறியிருக்கிறது. பொறியாளர் அறிக்கையை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்தாலோ ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வாதாடவும் இடமில்லை, அதாவது எங்களுக்கு அங்கே வேலை இல்லை. மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். குறைந்த தொகை கொடுத்து "முழுத் திருப்தி" என்று கையெழுத்துக் கேட்டால், ஆட்சேபத்தோடு வாங்குவதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.

சங்கத்தைப் பொறுத்தவரை, மொட்டை மாடி உங்கள் தனிச் சொத்தாகக் கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அது எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் தலைக்கு மேல் இருப்பதால் உங்களுடையது ஆகிவிடாது. தொட்டியைச் சரியாகப் பொருத்தாமல் விட்டதும் அவர்கள் கணக்கில்தான் வரும். பொதுக்குழுவில் தீர்மானம் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், பழுது பார்க்க உத்தரவும் நட்டஈடும் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். இடத்தைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் அங்கே மனு செய்யலாம். ஒரே இழப்புக்குச் சங்கம், காப்பீட்டு நிறுவனம் என இருவரிடமும் பணம் வாங்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் ஹாலுக்குப் பணம் கொடுத்துவிட்டால், அந்தத் தொகையைச் சங்கத்திடமிருந்து வசூலிக்கும் உரிமை அவர்களுக்குப் போய்விடும்.

வழக்கு முடியட்டும் என்று வீட்டை ஒழுக விடாதீர்கள். நட்டம் கூடாமல் தடுக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73 அதைக் கணக்கில் எடுக்கும். தேதி தெரியப் படம் எடுத்து, மூன்று தரப்புக்கும் ஒரு வரி தகவல் அனுப்பிவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, உடைந்த இடத்தைத் தற்காலிகமாக அடைத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். படுக்கையறையில் கம்பி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை அந்த மூலையின் கீழ் யாரும் படுக்க வேண்டாம்.