பால் மறந்த குழந்தை

கேள்வி: எங்கள் புளோக் தாழ்வாரத்தில் தொங்கும் செடியில் தேன்சிட்டு கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் என் மகள் இரவில், "இயேசப்பா, குஞ்சுகளைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இரண்டே நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். சென்ற ஆண்டு என் அம்மா புற்றுநோயில் கிடந்தபோது ஏழு மாதம் ஜெபித்தேன். அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு என் வாயில் ஜெபம் வரவில்லை. "பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால்" என்கிறார் இயேசு. நான் எப்படி மறுபடி பிள்ளையாவது?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 'ஏழு மாதம் ஜெபித்தேன்' என்ற வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது, தங்கச்சி.

உங்கள் மகளைப்போல ஆக முயற்சி செய்யாதீர்கள். அவள் கேட்டு எதுவும் இன்னும் கிடைக்காமல் போகவில்லை. உங்களுக்குப் போய்விட்டது. நீங்கள் சொன்ன வசனம், 'யார் பெரியவன்' என்று கேட்ட சீஷர்களுக்குச் சொன்னது. பெருமைக்கு வைத்த மருந்தை எடுத்துத் துக்கத்தின்மேல் தடவ வேண்டாம்.

வேதத்தில் உங்களுக்கு வேறொரு குழந்தை இருக்கிறது. 131ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். மூன்றே வசனம். "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறார் தாவீது.

செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது என் தம்பிக்குப் பால் மறக்கடித்தார்கள். எனக்கு ஒன்பது வயது. அம்மா வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக்கொண்டார். தம்பி ஆசையாக வந்து வாய் வைத்தான். முகம் சுருங்கியது. அப்புறம் தலையைத் தூக்கி அம்மாவையே பார்த்தான். நீயா எனக்கு இப்படிச் செய்தாய் என்கிற பார்வை. மூன்று இரவு விடிய விடிய அழுதான், அம்மாவை அடித்தான். அம்மாவும் இருட்டில் அழுதுகொண்டிருந்தார், அது அவனுக்குத் தெரியாது. நாலைந்து நாள் கழித்து அவனே தத்தித் தத்தி வந்து மடியில் ஏறினான். பால் தேடவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா படுத்துக்கிடந்தான்.

31 ஆண்டு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். விசுவாசம் என்றதும் எனக்கு நினைவு வருவது அந்தப் பிள்ளைதான். கேட்டது கிடைக்கவில்லை, ஏன் என்று விளங்கவும் இல்லை, ஆனாலும் மடி அதே மடி. அவன் அழுத இரவுகளும் அதில் சேர்த்திதான். நீங்கள் இப்போது அந்த இரவுகளில் இருக்கிறீர்கள். உங்கள் அம்மா போனது நன்மைக்கே என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கொஞ்சம் விலகியே இருங்கள்.

ஜெபம் வரவில்லையா, சரி, ஒரு வார்த்தை போதும். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு, "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டார். பாத்திரம் என்றது வரப்போகிற பாடுகளை. அது அவருக்கும் விலகவில்லை. மாற்கு தம் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதினாலும், இயேசு வீட்டு மொழியான அரமேயத்தில் கூப்பிட்ட 'அப்பா' என்ற அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். நம் வீடுகளில் பிள்ளைகள் கூப்பிடுவதுபோலவே காதில் விழுகிற சொல். உங்கள் மகள் இயேசப்பா என்னும்போது அதுதான் அவள் வாயில் வருகிறது.

இன்று இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அவள் முடித்ததும் ஆமென் மட்டும் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டிருங்கள். குஞ்சுகளில் ஒன்று பிழைக்காமல் போனால் அவளிடம் மறைக்காதீர்கள். அழட்டும். ஏன் என்று இயேசுவிடமே கேட்கட்டும்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் இருவருமாகக் கொஞ்சம் எட்ட நின்று கூட்டைப் பாருங்கள். காய்ந்த இலையும் நாருமாகச் சேர்த்துச் சிலந்தி நூலால் பிணைத்திருக்கும். பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேல் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கூரை. உங்கள் மகள் அந்தக் கூரையை முன்பே பார்த்திருப்பாள். காட்டச் சொல்லுங்கள்.