உளவுத்துறை வரலாற்றை எதை வைத்து எழுதுகிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி: உளவு அமைப்புகள் எதையும் வெளியே சொல்வதில்லையே, பிறகு பல்கலைக்கழகங்களில் எதை வைத்து ஆய்வு செய்கிறார்கள்?

பதில்: பிரிட்டனை வைத்தே சொல்கிறேன். லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5இன் பழைய கோப்புகளை யாரும் பார்க்கலாம். பல கோப்புகளின் தொடக்கத்தில் ஒரு குறிப்புத்தாள் இருக்கும். கோப்பில் சேர்ந்த கடிதங்கள் அதில் வரிசை எண்ணோடு பதிவாகியிருக்கும். உள்ளே ஒரு கடிதம் இருக்க வேண்டிய இடத்தில், 1958ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தின் 3(4) பிரிவின்படி அது துறையிடமே இருக்கிறது என்று சொல்லும் மாற்றுத்தாள் மட்டும் இருக்கலாம். அந்த வெற்றிடமும் சான்றுதான்: முன்னும் பின்னும் உள்ள கடிதங்களின் தேதிகளைக் கொண்டு, மறைக்கப்பட்டது எந்த நாட்களைச் சேர்ந்தது, எந்த விவகாரத்தைத் தொட்டது என்று ஓரளவு கணித்துவிட முடியும்.

கேள்வி: அந்த அமைப்பே பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் தாள்களை நம்பலாமா?

பதில்: நம்பலாம், அவற்றை மட்டுமே நம்பக் கூடாது. இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் சங்கேத முறிப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரச் சங்கேதம் உடைக்கப்பட்ட கதை 1974 வரை பொதுமக்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அதற்கு முன் எழுதப்பட்ட போர் வரலாறுகள் தளபதிகளின் மதிநுட்பத்துக்குக் கொடுத்த பெருமையில் ஒரு பங்கு, இடைமறித்துப் படிக்கப்பட்ட செய்திகளுக்குச் சேர வேண்டியது. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் கையில் கிடைத்த தாள்களை ஒழுங்காகப் படித்தவர்கள்தான், சிக்கலே அதுதான்.

கேள்வி: அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.விலிருந்து 2013இல் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள்?

பதில்: ஆய்வேடுகளில் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் முழுத் தொகுப்பும் வெளிவரவில்லை. இங்கே பொறுக்கி எடுத்தவர்கள் பத்திரிகையாளர்கள், அவ்வளவே வேறுபாடு.

கேள்வி: இணையப் பாதுகாப்பு படிக்கும் எனக்கு இந்தப் பழைய கோப்புகளால் என்ன பயன்?

பதில்: உங்கள் பாடநூலில், பூட்டும் சாவியை எல்லோருக்கும் தந்து திறக்கும் சாவியை மட்டும் இரகசியமாக வைக்கும் பொதுச் சாவி முறையைக் கண்டவர்கள் என்று டிஃபி, ஹெல்மன் பெயர்கள் 1976ஆம் ஆண்டோடு இருக்கும், அடுத்த ஆண்டு அதைச் செயல்படுத்தும் ஆர்.எஸ்.ஏ. என்ற கணித முறை வந்தது. ஆனால் பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பான ஜி.சி.எச்.கியூ.வில் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ், சாவியை முன்கூட்டி இரகசியமாகப் பரிமாறாமலே சங்கேதச் செய்தி அனுப்ப முடியும் என்று 1970லேயே எழுதிவிட்டார். 1973இல் கிளிஃபர்ட் காக்ஸ் அதற்குக் கண்ட கணிதவழி ஏறத்தாழ ஆர்.எஸ்.ஏ.வேதான். உள்ளே இருந்தவர்கள் அதைப் பெரிதாகப் பயன்படுத்தவும் இல்லை, வெளியே சொல்லவும் இல்லை. 1997 டிசம்பரில்தான் காக்ஸ் அதை ஒரு மாநாட்டில் வெளிப்படையாகப் பேச முடிந்தது. எல்லிஸ் அதற்கு முந்தைய மாதம் இறந்துவிட்டார்.