100 சிசி பைக்கில் ஊட்டி: ஏற்றம் பரவாயில்லை, இறக்கம்தான் பேச்சு

திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் பழைய 100 சிசி பைக்கில் மனைவியுடன் மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஊட்டி போக ஆசை. இரண்டு பேரையும் இழுக்குமா? வரும்போது கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாமா?"

இழுக்கும். ஆனால் ஊரில் ஓடுகிற மாதிரி ஓடாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று குறைந்தால் இன்ஜினின் பலமும் குறையும். குன்னூர் தாண்டியதும் வண்டி திணறினால் பழுது என்று பதறாதீர்கள், கியரைக் குறையுங்கள். உங்களுடையது கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் மேலே பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். இரண்டு நாள் பயணத்துக்காக கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றுவதெல்லாம் வீண் வேலை. கொண்டை ஊசி வளைவில் மட்டும் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஏறாதீர்கள், பிளேட் கருகிவிடும்.

கல்லட்டி வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். விபத்துகள் அதிகம் என்பதால் வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்த வழியில் இறங்க விடுவதில்லை. தலைக்குந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மசினகுடி பார்த்தே ஆக வேண்டுமென்றால் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

எந்த வழியானாலும் இறக்கத்தில் ஒரே விதிதான்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. இரண்டு பேர், பை, வண்டி எல்லாம் சேர்ந்து கால் டன். அதை பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்தினால் சக்கரத்தில் உள்ள பிரேக் டிரம் சூடேறி, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ பிடிமானத்தை இழக்கும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். வளைவுக்கு முன்பே பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். தொடர்ந்து மிதித்தபடி வராதீர்கள். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கிடம் பிரேக் ஷூ, கேபிள், செயின் மூன்றையும் காட்டுங்கள். இருவர் போவதால் பின் டயரில் காற்று, இரண்டு பேருக்கென்று கம்பெனி சொன்ன அளவுக்கு இருக்கட்டும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைப் பாதை விதி. பேருந்து வளைவை முழுசாக எடுத்துத் திரும்பும், பொறுத்து நில்லுங்கள்.

அப்புறம், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை இருக்கிறது. வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அபராதம் உண்டு, ஸ்டீல் பாட்டில் போதும். திரும்ப கோத்தகிரி வழியாக வாருங்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் இருக்கும். அதனால் மதியச் சாப்பாட்டோடு ஊட்டியை விட்டுக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மேட்டுப்பாளையம் வந்துவிடலாம்.