பேசாத நண்பன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆட்டிசம் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகளைப் படித்து வருகிறேன். எனக்கு 26 வயது. ஆட்டிசம் இருப்பது கல்லூரி முடித்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை நண்பன் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. இப்போது ஒருவன் இருக்கிறான். அவனும் ஆட்டிச நிலையாளன்தான்.

விடுமுறை நாட்களில் என் அறைக்கு வருவான். ஒரு மூலையில் உட்கார்ந்து எழுத்துருக்கள் வரைவான். நான் சிலந்திகளைப் பற்றிப் படிப்பேன். மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் போகும். சில நாள் ஒரே ஒரு எழுத்தின் வளைவைப் பற்றி விடாமல் பேசுவான், அப்புறம் நான் சிலந்தியைப் பற்றிப் பேசுவேன். கிளம்பிப் போனால் வாரக்கணக்கில் ஒரு மெசேஜ்கூட இருக்காது. இருவருக்கும் அதில் வருத்தம் இல்லை.

என் அக்கா இதை நட்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை. "ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கறதுக்கு எதுக்கு ஒரே ரூம்? நார்மலா இருக்கறவங்களோட பழகினாத்தான் நீ தேறுவ" என்கிறாள். அவள் சொல்வதுதான் சரியோ என்று சில சமயம் தோன்றுகிறது.

இன்னொன்று. யோசிக்கும்போது அவன் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தம் எனக்கு வலிக்கும், நிஜமாகவே வலிக்கும். ஆனால் 'கையை ஆட்டாதே' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். அவனிடம் போய் 'தட்டாதே' என்று எப்படிச் சொல்வேன்? ஒருவனை ஏற்றுக்கொள்வது என்றால் இதையும் சேர்த்துத்தானே?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அக்காவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது சுலபம். பேனாதான் கஷ்டம்.

அடிக்கடி பேசுவது, முகம் பார்த்துச் சிரிப்பது, நலம் விசாரிப்பது, பிறந்தநாளை நினைவு வைத்திருப்பது, இதெல்லாம் இருந்தால் நட்பு என்று உங்கள் அக்கா நினைக்கிறார். பெரும்பாலானவர்களின் நட்பு அப்படித்தான் வெளியே தெரிகிறது என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது வேறு. ஒருவன் தனக்கு மிகப் பிடித்த வேலையைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்து செய்கிறான். அவன் வீட்டிலும் மேஜை இருக்கும். ஒரு எழுத்தின் வளைவைப் பற்றி அவன் பேசுவதை நீங்கள் கடைசிவரை கேட்கிறீர்கள், உங்கள் சிலந்திகளை அவன் கேட்கிறான். எனக்கும் ஆட்டிசம் உண்டு என்பதால் சொல்கிறேன், நமக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவர் கண் கடிகாரத்துக்குப் போவதைப் பார்த்துப் பார்த்தே பாதிப் பேர் பேசுவதை நிறுத்தியிருப்போம். கண் அப்படிப் போகாத ஓர் இடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

'நார்மலானவர்களோடு பழகினால் தேறுவாய்' என்பதற்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. 1985-ல் சைமன் பேரன் கோஹன், ஆலன் லெஸ்லி, உடா ஃப்ரித் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. இன்னொரு பொம்மை அதை எடுத்து ஒரு பெட்டிக்குள் மறைக்கிறது. திரும்பி வந்த பொம்மை குண்டை எங்கே தேடும்? இடம் மாறியது அதற்குத் தெரியாது, அதனால் கூடையில்தான் தேடும். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். பிறர் மனதில் இருப்பதை ஊகிக்க ஆட்டிச நிலையாளர்களால் முடியாது என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவலானது. சரியாகக் கூடையைக் காட்டிய நான்கு பேரை அந்தப் பேச்சில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அது பாடப்புத்தகத்துக்குப் போய், பள்ளிக்குப் போய், உங்கள் அக்காவின் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் சமூகவியலாளர், அவரும் ஆட்டிச நிலையாளர், 2012-ல் இதை வேறு மாதிரி எடுத்து வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு இல்லாதவரைப் புரிவதில்லை என்றால், இல்லாதவருக்கும் உள்ளவரைப் புரிவதில்லையே. சிக்கல் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது, அதை ஏன் ஒருவர் தலையில் மட்டும் கட்ட வேண்டும் என்று கேட்டார். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதுவரை பெரும்பாலான ஆராய்ச்சிகள் ஒரு பக்கத்தை மட்டுமே சோதித்துக்கொண்டிருந்தன.

எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. எட்டு எட்டுப் பேராக வரிசை. முதல் ஆள் ஒரு கதையைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் கதையை ஒரே அளவுக்குக் காப்பாற்றிக் கடத்தின. இருவகையினரும் கலந்த வரிசையில்தான் கதை சீக்கிரம் தேய்ந்தது. 2020-ல் வந்த முடிவு இது. 2025-ல் 300 பேருக்கு மேல் வைத்து மறுபடி செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை என்று வந்தது. அதனால் 'நமக்கு நம் ஆட்கள் மட்டும்தான்' என்று முடிவு கட்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு தடவையும் மாறாதது ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் ஒரு குறையும் தென்படவில்லை.

அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்றால் நோவா சாசன் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் சில விநாடிப் பதிவுகளைக் காட்டி, இவரோடு பேச, பழக விருப்பமா என்று கேட்டார்கள். படமாகப் பார்த்தாலும் குரலாகக் கேட்டாலும் ஆட்டிச நிலையாளர்களுக்குக் குறைவான மதிப்பெண்தான் விழுந்தது. அவர்கள் பேசியதை வெறும் எழுத்தாகக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அப்படியானால் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதில் பிரச்சினையே இல்லை. சில விநாடிகளில் உங்களை ஒதுக்கிவிடுகிறவர்களோடு பழகித்தான் நீங்கள் தேற வேண்டும் என்றால், தேற வேண்டியது யார்? (இந்தக் கேள்வியை அக்காவிடம் இதே தொனியில் கேட்க வேண்டாம். பாசத்தில் சொல்கிறவர்தான்.)

சரி, பேனாவுக்கு வருவோம்.

'கையை ஆட்டாதே' என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு உங்கள் கையால் எந்த வலியும் இல்லை. பார்க்க நன்றாக இல்லை, நாலு பேர் என்ன நினைப்பார்கள், அவ்வளவுதான். அவன் பேனா உங்களுக்கு நிஜமாக வலிக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு அவனுக்காகப் பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியில் எல்லோர் முன்னாலும் நடிப்போமே, மாஸ்கிங் என்கிறார்களே, அதையே இப்போது அவன் முன்னால் செய்கிறீர்கள். நடிக்கத் தேவையில்லை என்று கிடைத்த ஒரே ஆளிடமும் நடிப்பதா?

ஆட்டிசம் இருக்கிறது என்பதாலேயே இருவருக்கும் ஒத்துப்போகும் என்று நம்மில் பலர் எதிர்பார்க்கிறோம். அப்படியெல்லாம் கிடையாது. ஒருவருக்குச் சத்தம் வேண்டும், இன்னொருவருக்குச் சத்தமே ஆகாது. என்னால் பத்து நிமிடம்கூடச் சேர்ந்து உட்கார முடியாத ஆட்டிச நிலையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள்.

ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் அமெரிக்காவில் 1992-ல் ஓர் அமைப்பு தொடங்கி, 1996 முதல் 'ஆட்ரீட்' என்ற ஆண்டு முகாமை நடத்தினார்கள். ஆட்டிச நிலையாளர்களே ஆட்டிச நிலையாளர்களுக்காக நடத்தியது. அங்கே எல்லோரும் ஒரே மாதிரிதான், பார்த்தாலே புரிந்துவிடும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. சட்டையில் குத்திக்கொள்ள வண்ண அட்டைகள் வைத்தார்கள். சிவப்பு என்றால் யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சைதான் எனக்கு மிகவும் பிடித்தது: பேச ஆசை, தொடங்கத்தான் தெரியவில்லை, நீங்களே வந்து பேசுங்கள். ஏற்றுக்கொள்வதில் சிறந்தவர்கள் கூடிய இடத்திலேயே இவ்வளவு வெளிப்படையான ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் அறைக்கும் ஒன்று தேவைப்பட்டால் அதில் குற்ற உணர்வு எதற்கு?

தட்டுவது அவன் யோசிப்பதற்கு உதவுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நிறுத்தச் சொல்லாதீர்கள், சத்தத்தை மட்டும் பேசுங்கள். மேஜை மேல் ஒரு கனமான துணி விரித்தால் பாதிப் பிரச்சினை போய்விடலாம். அவன் தொடையில் தட்டிக்கொள்ளலாம், நீங்கள் காதுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளலாம், இரண்டும் சேர்ந்தும் செய்யலாம். பெருமூச்சு விடுவது, பேனாவையே பார்ப்பது போன்ற ஜாடைகள் வேண்டாம். அவனுக்கு அது எட்டாது, உங்களுக்குக் கோபம்தான் மிஞ்சும். அவன் தட்டிக்கொண்டிருக்கும்போதும் சொல்ல வேண்டாம். வேறு ஒரு நாள் மெசேஜில் எழுதுங்கள். "நீ வருவது எனக்குப் பிடிக்கும். பேனாச் சத்தம் மட்டும் எனக்கு வலிக்கிறது. மேஜையில் துணி விரித்து வைக்கிறேன், சரியா?" இவ்வளவு போதும். முதல் வரியை விட்டுவிடாதீர்கள். திருத்தப்பட்டே வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்னக் குறையும் 'இனி வராதே' என்று கேட்கும்.

கூடவே, நான் செய்வதில் உனக்கு ஆகாதது என்ன என்றும் கேளுங்கள். சிலந்திகள் கொஞ்சம் அதிகம் என்று அவன் சொல்லக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். பதில் அன்றைக்கே வராவிட்டால் இன்னொரு மெசேஜ் போடாதீர்கள். யோசிக்க அவனுக்கும் நேரம் வேண்டும்.

அன்புடன்.